எஞ்சியதில் மூன்றில் ஒன்று: ஆசிரியர் தன் வகுப்பையே ஆராய்வது எப்படி?

கொழும்பில் ஓர் ஆசிரியரிடம் "செயல்நிலை ஆய்வு" (தன் வகுப்பில் ஒன்றை மாற்றிப் பார்த்து விளைவைத் தானே ஆராய்வது) என்று சொன்னால், அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்பைரல் போட்ட ஓர் அறிக்கைதான். கல்வியியற் கல்லூரியின் மூன்றாம் வருடக் கட்டுறுபயில்விலோ (பாடசாலையில் பெறும் பயிற்சி) பட்டப்பின் கல்வி டிப்ளோமாவிலோ ஒரு தடவை செய்திருப்பார். அறிமுகம், இலக்கிய மீளாய்வு, முறையியல், தரவுப் பகுப்பாய்வு, முடிவுகள் என ஐந்து அத்தியாயம். கடைசி வாரத்தில் போட்டோ கொப்பிக் கடையில் வரிசை. கையளித்த பின் அது பரீட்சகரின் அலுமாரிக்குப் போய்விடும். ஆய்வு நடந்த பாடசாலையில் ஒரு பிரதிகூட இருக்காது. அடுத்த வருடம் அதே தரத்தில் அதே சிக்கல் புதிய பிள்ளைகளோடு மறுபடி தொடங்கும்.

இந்த முறை உருவானது பட்டத்துக்காக அல்ல. 1946இல் கேர்ட் லெவின் அமெரிக்காவில் சமூகக் குழுக்களுக்கிடையிலான உறவுகளைப் பற்றி எழுதியபோது, ஒரு நிலைமையை மாற்றிப் பார்த்து, விளைவை அளந்து, திட்டத்தைத் திருத்துவதையே ஆய்வாக முன்வைத்தார். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீபன் கோரே 1950களின் தொடக்கத்தில் அதைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். 1960களின் இறுதியிலிருந்து இங்கிலாந்தில் லோறன்ஸ் ஸ்டென்ஹவுஸும் பின்னர் ஜோன் எலியட்டும் ஆசிரியரையே ஆய்வாளராக்கினார்கள். நமது கைந்நூல்களில் வரும் "திட்டமிடல், செயற்படல், அவதானித்தல், பிரதிபலித்தல்" சுருள் வரைபடம் 1980களில் அவுஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கெமிஸும் அவரோடு இருந்தவர்களும் பரவலாக்கியது. வரலாறு இவ்வளவு போதும். அறிக்கைகளில் இந்தப் பகுதிதான் பன்னிரண்டு பக்கம் வரும். பிள்ளைகளின் கொப்பியைப் பற்றி இரண்டு பக்கம்கூட இராது.

முதல் சறுக்கல் தலைப்பிலேயே நடந்துவிடுகிறது. "தரம் 10 மாணவர்களின் கணித அடைவு மட்டத்தை மேம்படுத்தல்" என்ற தலைப்பில் ஆறு வாரத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அடைவு மட்டம் என்பது நூறு காரணங்களின் கூட்டுத்தொகை. அவற்றில் பல ஆசிரியரின் கைக்கு அப்பாற்பட்டவை: வீட்டில் மேசை இல்லாதது, முகத்துவாரத்திலிருந்து பஸ் பிடித்து வருவது, ஐந்தாம் தரத்திலேயே விட்டுப்போன வாய்ப்பாடு. நல்ல கேள்விக்கு மூன்று குணங்கள் வேண்டும். அது உங்கள் நேரசூசிக்குள் மாற்றக்கூடிய ஒன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதன் அடையாளம் பிள்ளையின் கொப்பியிலோ வாயிலோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். "பெற்றோரின் அக்கறையின்மை" போன்ற ஒரு பதிலை அது முன்கூட்டியே வைத்திருக்கக் கூடாது. அப்படிப் பதில் ஏற்கனவே தெரியுமென்றால் ஆய்வுக்கு என்ன வேலை?

ஒரு கணக்கை எடுத்து, கேள்வி எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்போம். சாதாரண தர வினாத்தாளில் அடிக்கடி தலைகாட்டும் வகை இது:

"ஒரு தாங்கியிலிருந்த நீரில் 2/5 பங்கு பயன்படுத்தப்பட்டது. எஞ்சியதில் 1/3 பங்கு ஒழுகிவிட்டது. இப்போது 60 லீற்றர் நீர் உள்ளது. முதலில் இருந்த நீர் எவ்வளவு?"

சரியான விடை 150 லீற்றர். நாற்பது கொப்பிகளைத் திருத்தினால் பலவற்றில் 225 என்று இருக்கும். அது எங்கிருந்து வருகிறது? பிள்ளை 2/5ஐயும் 1/3ஐயும் நேரே கூட்டி 11/15 எடுக்கிறது, மிச்சம் 4/15, அது 60 என்றால் முழுவதும் 225. கூட்டல் சரி, பொது மடங்கு சரி, பெருக்கல் சரி. "எஞ்சியதில் 1/3" என்பதை "முழுவதில் 1/3" ஆக எடுத்தது ஒன்றே பிழை. விடை முழு எண்ணாக வந்துவிடுவதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. சிவப்புப் பேனையால் பெருக்கல் குறி போட்டு, "பின்னத்தில் பலவீனம்" என்று பதிவேட்டில் எழுதினால் இந்த நுட்பம் முழுதும் மறைந்துவிடும். பின்னம் தெரிந்த பிள்ளைக்கு மறுபடியும் பின்னக் கூட்டல் கற்பிப்போம். அது மீண்டும் 225 எழுதும்.

இப்போது கேள்வி சுருங்கிவிட்டது: "எஞ்சியதில்" வரும் கணக்குகளில், எதனுடைய பங்கு என்பதைப் பிள்ளைகள் எந்த இடத்தில் தவறவிடுகிறார்கள், அதை நான் எப்படிக் காட்டலாம்? இதைத்தான் ஆறு வாரத்தில் ஆராய முடியும்.

காரணத்தைக் கண்டறிய அவுஸ்திரேலியாவின் ஆன் நியூமன் 1977இல் முன்வைத்த நேர்காணல் முறை கைகொடுக்கும். பிழைவிட்ட பிள்ளையைத் தனியாக அழைத்து ஐந்து விடயங்களை வரிசையாகக் கேட்க வேண்டும். கணக்கை எனக்கு வாசித்துக் காட்டு. இதில் என்ன கேட்கிறார்கள் என்று சொல். எப்படிச் செய்யப்போகிறாய்? செய்துகொண்டே வாயால் சொல். விடையை எழுது. எந்தப் படியில் பிள்ளை முதலில் நிற்கிறதோ அதுதான் பிழையின் இடம்: வாசிப்பு, விளங்கல், கணிதமாக மாற்றுதல், செய்கை, விடை எழுதுதல். ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம் போதும். 225 எழுதியவர்களில் ஐந்து பேர், வேறு விடை எழுதியவர்களில் மூன்று பேர், சரியாகச் செய்தவர்களில் இரண்டு பேர் என்று பத்துப் பேரைப் பார்த்தால் நாற்பது நிமிடம், அதாவது ஒரு பாடவேளை. சரியாகச் செய்த இருவரை விட்டுவிடாதீர்கள். அவர்களில் ஒருவர் விளங்காமலே டியூசனில் பழகிய வாய்பாட்டைப் போட்டிருக்கலாம்.

இந்த நேர்காணலில் ஆசிரியர் செய்யும் பெரிய பிழை, உதவி செய்வது. பிள்ளை தடுமாறினால் "எதில் மூன்றில் ஒன்று? நல்லா யோசி" என்று வாயில் தானாகவே வந்துவிடும். அத்தோடு தரவு கெட்டுப்போகும். பேசாமல் எழுதிக்கொள்ள வேண்டும், கற்பித்தல் பிறகு. கொழும்புத் தமிழ்மொழி மூல வகுப்புகளில் இன்னொரு சோதனையும் தேவைப்படும். வீட்டிலும் வீதியிலும் சிங்களம் கலந்து பேசி வளர்ந்த பிள்ளைக்குப் பாடநூல் நடை தடையாக இருக்கிறதா என்று பார்க்க, அதே கணக்கை "மிச்சத்துல மூன்றுல ஒன்று" என்று வாயால் சொல்லிக் கேளுங்கள். அப்போது சரியாகச் செய்தால் சிக்கல் வாசிப்பில் இருக்கிறது. தமிழ் ஆசிரியரோடு பேச வேண்டிய விடயம். அப்படிக் கேட்டும் 225 வந்தால் மொழியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கணிதமாக மாற்றுதலில்தான் பிழை என்று தெரிந்தால், அதற்காக நீங்கள் வகுப்பில் செய்துபார்ப்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இங்கே பொருத்தமானது செவ்வகப் பட்டை. தாங்கியை ஒரு நீண்ட செவ்வகமாக வரைந்து ஐந்தாகப் பிரித்து, இரண்டு கட்டங்களுக்குக் கோடு அடிக்க வேண்டும். எஞ்சியவை மூன்று கட்டங்கள். அவற்றில் மூன்றில் ஒன்று என்றால் ஒரு கட்டம். மிச்சம் இரண்டு கட்டம் 60 லீற்றர், ஒன்று 30, ஐந்து 150. பின்னப் பெருக்கலே இல்லாமல் விடை வந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் இப்படிக் கட்டங்கள் சரியாகப் பிரியும் எண்களையே கொடுக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் பிரியாத ஒன்று: "சம்பளத்தில் 1/3 வாடகை; எஞ்சியதில் 1/4 போக்குவரத்து; மீதி 45,000 ரூபா." முதல் பட்டையில் எஞ்சியவை இரண்டு கட்டங்கள், அவற்றை நான்காகப் பிரிக்கப் பிள்ளைகள் திணறுவார்கள். இங்கேதான் பலர் இந்த முறையைக் கைவிடுகிறார்கள். கீழே இரண்டாவது பட்டை வரையச் சொல்லுங்கள்: அது எஞ்சியது மட்டும், நான்கு கட்டம். மூன்று கட்டம் 45,000, ஒன்று 15,000, நான்கு 60,000. அது மேல்பட்டையின் இரண்டு கட்டம். ஆக ஒன்று 30,000, முழுச் சம்பளம் 90,000. இரண்டாவது பட்டை வந்த உடனேயே "எதனுடைய பங்கு" என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்கு வாரத்தில் ஒரு பாடவேளையின் 20 நிமிடம், இரண்டு கணக்கு, ஆறு வாரம் போதும். பாடத்திட்டம் பிந்தாது. ஐந்து புதிய உத்திகளை ஒரே நேரத்தில் புகுத்தும் ஆய்வுகளும் உண்டு: குழுமுறை, விளையாட்டு, காணொளி, சகபாடிக் கற்றல், பரிசு. முன்னேற்றம் வந்தாலும் எதனால் வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

சான்று சேர்க்கும்போது முற்சோதனை, பிற்சோதனை இரண்டையும் ஒரே வினாத்தாளில் நடத்துவது பழைய வழக்கம். பிள்ளைகளுக்கு விடை நினைவிருக்கும். கணக்கு வேறாகவும் கட்டமைப்பு ஒன்றாகவும் இருக்க வேண்டும். எண்களைத் தெரிவுசெய்யும்போது பிழையான வழியிலும் முழு எண் வரும்படி அமையுங்கள். மேலே உள்ள சம்பளக் கணக்கில் பிழையான வழி 108,000 தரும். தசமத்தில் வந்தால் பிள்ளை உசாராகி ஊகிக்கத் தொடங்கும். அப்போது நீங்கள் அளப்பது விளக்கத்தை அல்ல, உசாரை. தொடக்கத்தில் ஒன்று, மூன்றாம் வாரம் ஒன்று, ஆறாம் வாரம் ஒன்று, தவணை விடுமுறை முடிந்து வந்ததும் இன்னொன்று. கடைசி ஒன்றைத்தான் பெரும்பாலும் எவரும் வைப்பதில்லை. பிள்ளைக்கு உண்மையில் நின்றது எது என்று சொல்வது அந்த ஒன்றுதான்.

புள்ளியை மட்டும் பார்த்தால் இரண்டு மாயைகளுக்குள் விழலாம். ஒன்று, ஆகக் குறைந்த புள்ளி எடுத்த பத்துப் பேரைத் தெரிவுசெய்து ஆறு வாரத்தில் உயர்த்திக் காட்டுவது. அந்தப் பத்துப் பேரில் சிலர் அன்று காய்ச்சலோடு எழுதியவர்கள், சிலர் தவறுதலாக ஒரு பக்கத்தை விட்டவர்கள். ஒன்றுமே செய்யாமல் மறுபடி சோதித்தாலும் அவர்களின் சராசரி ஏறும். வகுப்பு முழுவதையும் பார்த்தால் இந்தப் பொய்யான ஏற்றம் பெரும்பாலும் தணிந்துவிடும். ஒப்பிட ஒரு வகுப்பே இல்லாத இடத்தில், 42 பேரின் சராசரிக்குப் புள்ளிவிபரச் சோதனை போட்டு "கருதுகோள் ஏற்கப்பட்டது" என்று எழுதுவது வெறும் அலங்காரம். ஒப்பிடுவதற்காகப் பக்கத்து வகுப்புக்குப் பயனுள்ள ஒன்றைக் கொடுக்காமல் வைத்திருப்பதும் பாடசாலையில் நியாயமாகாது.

மற்றது டியூசன். கொழும்பில் தரம் 10 பிள்ளைகளில் எத்தனையோ பேர் பின்னேரம் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கணித வகுப்பில் இருப்பார்கள். நீங்கள் பட்டை வரையும் அதே மாதத்தில் டியூசன் மாஸ்டரும் பின்னம் எடுத்திருந்தால் உயர்வு யாருடையது? இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு: புள்ளியை விட்டு வழியைப் பாருங்கள். ஆறாம் வார விடைத்தாளில் பட்டை வரைந்து சரியாகச் செய்தவர்கள், பட்டை வரையாமல் சரியாகச் செய்தவர்கள், பட்டை வரைந்தும் பிழைவிட்டவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் என நான்கு அடுக்காகப் பிரித்து வையுங்கள். முதலாவது அடுக்குத்தான் உங்கள் செய்கையின் தடம். மூன்றாவது அடுக்குத்தான் அடுத்த சுற்றின் கேள்வி. இந்தப் பிரிப்புக்குக் கணினி வேண்டாம். ஆசிரியர் அறை மேசையில் அரை மணி நேரத்தில் முடியும்.

குறிப்பேட்டுக்கு ஒரு சாதாரணக் கொப்பி போதும். பக்கத்தின் நடுவே கோடு: இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நான் நினைப்பது. "பிள்ளைகள் ஆர்வமாகப் பங்குபற்றினர்" என்று இடப்பக்கத்தில் எழுதினால் அது அவதானமே அல்ல. "மூன்றாவது வரிசையில் இருவர் படத்தை முடித்து, விடை எழுதாமல் பக்கத்துக் கொப்பியைப் பார்த்தனர்" என்பதுதான் அவதானம். பாடம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் ஐந்து வரி எழுதாவிட்டால், இரவில் எழுதுவது கதையாகிவிடும். அன்று உடனே வேறொரு வகுப்புக்குப் போக வேண்டியிருந்தால் மூன்று சொல் குறித்துவைத்தாலும் பரவாயில்லை.

தன் வகுப்பைத் தானே பார்ப்பதற்கு எல்லை உண்டு என்பதால் ஒரு சக ஆசிரியர் வேண்டும். அவர் செய்வது மிக எளிய வேலை: வகுப்பின் இருக்கை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேள்வி எந்தப் பிள்ளையிடம் போகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. 40 நிமிடம் முடிய, கோடுகள் எல்லாம் முன் இரண்டு வரிசையிலும் மின்விசிறிக்குக் கீழேயும் குவிந்திருப்பதைப் பார்த்து ஆசிரியர் தானே வாயடைத்துப்போவார். இன்னொரு நாள் கேள்வி கேட்ட பின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளக்கலாம். மேரி பட் றோ 1970களில் அமெரிக்க வகுப்புகளில் அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது. வாகனங்கள் இரையும் காலி வீதிப் பக்க ஜன்னல்கள் திறந்திருக்கும் வகுப்பில் மூன்று விநாடி மௌனம் மூன்று நிமிடம் போலத் தோன்றும். மனதுக்குள் எண்ணித்தான் பழக வேண்டும். அதிபரின் அனுமதியோடு கைபேசியில் ஒலிப்பதிவு செய்வதென்றால் பத்து நிமிடம் மட்டும் போதும். அதை எழுத்தாக்கவே ஒரு மணி நேரம் போய்விடும்.

பிள்ளைகளின் பெயர் எங்கும் வரக் கூடாது, இலக்கம் போதும். விடைத்தாளின் படத்தை ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிப்பது ஆய்வு அல்ல.

இதெல்லாம் ஒரு வகுப்புக்கு உதவும். பாடசாலைக்கு உதவ வேண்டுமென்றால் மூன்று பேராவது ஒரே கேள்வியில் சேர வேண்டும். யப்பானில் பாடசாலைகள் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்துவரும் பாட ஆய்வு இதற்கு ஏற்ற வடிவம். மூவர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள், ஒருவர் எடுக்கிறார், மற்ற இருவரும் ஆசிரியரை அல்ல, முன்கூட்டியே தெரிந்தெடுத்த நான்கைந்து பிள்ளைகளை மட்டும் பார்க்கிறார்கள். பிறகு பாடத்தைத் திருத்தி இன்னொருவர் வேறு வகுப்பில் எடுக்கிறார். நமது பாடசாலைகளில் பாடசாலை மட்ட வாண்மை விருத்தி, அதாவது ஆசிரியர்களின் தொழில் திறனை வளர்த்தல், என்ற தலைப்பில் ஏற்கனவே நேரமும் கோப்பும் உண்டு. பல இடங்களில் அந்த நேரம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் காட்டும் படவில்லைகளைப் பார்ப்பதில் கழிந்துவிடுகிறது.

அதிபர் கொடுக்க வேண்டியவை இரண்டு. முதலாவது நேரம். நேரசூசி தயாரிக்கும்போதே மூவருக்கும் ஒரே ஓய்வுப் பாடவேளை வாரத்தில் ஒன்று வைக்க வேண்டும். வருட நடுவில் கேட்டால் கிடைக்காது. வராத ஆசிரியருக்குப் பதிலாக யாரையாவது அனுப்ப வேண்டிய காலையில் முதலில் பறிபோவதும் அதுதான். இரண்டாவது பாதுகாப்பு. செயல்நிலை ஆய்வுக் குறிப்பேடு உள்ளக மேற்பார்வைக் கோப்புக்குள் போகக் கூடாது. ஒரு தடவை போனால், அதன்பின் அந்தப் பாடசாலையில் எல்லா ஆய்வுகளும் வெற்றி பெறும்; எல்லாக் குறிப்பேடுகளிலும் பிள்ளைகள் ஆர்வமாகப் பங்குபற்றுவார்கள். பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் சேவைக்கால ஆலோசகர்களும் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும்: மதிப்பிட வரும் நாள் வேறு, கூட இருந்து பார்க்க வரும் நாள் வேறு.

காலம் என்று பார்த்தால் இரண்டாம் தவணை நல்லது. முதல் தவணை இல்ல விளையாட்டுப் போட்டியில் கரைந்துவிடும், மூன்றாம் தவணை பரீட்சைக்குப் போய்விடும். இரண்டாம் தவணையிலும் தவணைப் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பே ஆறு வாரமும் முடியும்படி தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசிச் சோதனை மீட்டல் வேலைக்குள் அமிழ்ந்துவிடும்.

அறிக்கை இரண்டு பக்கம் போதும். கேள்வி என்ன, முதல் வாரம் எத்தனை பேர் 225 எழுதினார்கள், என்ன செய்தோம், ஆறாம் வாரம் நான்கு அடுக்கிலும் எத்தனை பேர், விடுமுறைக்குப் பிறகு எத்தனை பேர், எது சரிவரவில்லை. இதோடு நான்கு அடுக்கிலிருந்தும் பெயர் மறைத்த ஒவ்வொரு விடைத்தாளின் பிரதி. அதைப் பகுதித் தலைவரிடம் தரம் 10 கோப்பில் போட்டு வைத்தால், வருடம் மாறி வேறொருவர் அந்த வகுப்பை எடுக்கும்போது அவர் முதலாவது வாரத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. "ஆசிரியர் பட்டை வரையச் சொன்னால் வரைகிறார்கள், தாமாக வரைவதில்லை" என்று கடைசி வரியில் எழுதியிருந்தால், அவருடைய கேள்வி அங்கிருந்தே தொடங்கும்.